நூற்று நாற்பத்தேழு

ஜூன் 14

அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை. வந்து சேர்ந்துவிட்டேன் என்பதைச் சொல்ல மட்டும் இந்தக் கடிதம்.

போன வருடம் நுழைவுத் தேர்வு எழுதித் தோற்றது போதாதென்று, இன்னொரு வருடம் படி என்று இந்தப் பயிற்சி விடுதியில் கொண்டுவந்து தள்ளிவிட்டாய். எனக்கு டாக்டர் படிப்பு வேண்டாம், ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்ந்துகொள்கிறேன் என்று எத்தனை முறை சொன்னேன்! நீ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பஸ் கிளம்பும்போது கையாட்டினாய். நான் வேண்டுமென்றேதான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு அறைக்கு ஆறு பேர். முதல் நாளே செல்போனை வாங்கி, பேர் எழுதிய துணிப்பையில் போட்டு அலமாரியில் பூட்டிவிட்டார்கள். கடிதம் மட்டும்தான். அதையும், போவதோ வருவதோ, வார்டன் அம்மா பிரித்துப் படித்து, தேதியோடு ஒரு சிவப்பு முத்திரை குத்திய பிறகுதான் விடுவார். வணக்கம் வார்டன் அம்மா.

வேதியியலுக்கு ஒரு சார். நாங்கள் வைத்த பேர் நம்பர் சார். தேர்வில் வரக்கூடிய வினைகள் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டுதான் என்று முடிவுகட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறார். எண்ணைச் சொன்னால் மூன்று நொடிக்குள் சமன்பாட்டைச் சொல்ல வேண்டும். நேற்று ஒருத்தி, "சார், இது ஏன் இப்படி நடக்குது?" என்று கேட்டாள். "ஏன்னு கேட்கிற நேரத்துல அஞ்சு கேள்வி முடிச்சிருக்கலாம். உட்காரு" என்றார். சாப்பாட்டு வரிசையிலும் எண் கேட்பார்கள். முழிக்கிறவள் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். முதல் நாள் நான் மூன்று தடவை போனேன்.

புத்தகம் ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள், ஒன்று வீட்டில் இருப்பவர்கள் கேள்வி கேட்பதற்காம். அதை இத்துடன் அனுப்புகிறேன். உனக்குத்தானே ஆசை, நீயே படி.

உன் தங்கை


ஜூன் 25

என் வாலுக்கு,

கோபத்திலேயே இவ்வளவு எழுதுகிறாய் என்றால் சமாதானத்தில் எவ்வளவு எழுதுவாய்! திரும்பிப் பார்க்கவில்லையாம். பஸ் வளைவில் திரும்பும்போது பின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது யார்? என்னிடமே கதை விடாதே.

அம்மா போனபோது நீ ஐந்தாவது, நான் பத்தாவது. வீட்டில் யாராவது ஒருத்தி அடுப்படிக்குப் போக வேண்டியிருந்தது, போனேன். சொல்லிக்காட்டவில்லை. சரி, சொல்லித்தான் காட்டுகிறேன். எனக்கும் சேர்த்து நீ படி, அவ்வளவுதான் கேட்கிறேன்.

என்னை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதினோரு மாடி அலுவலகம். எனக்கு வாய்த்தது மாடியில்லை, பாதாளம். கார் நிறுத்தும் தளத்துக்கும் கீழே ஓட்டுநர்களும் காவல்காரர்களும் போகிற கழிப்பறைகள். மழை பெய்தால்கூட மேலே வந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். கூட வேலை பார்ப்பவரை எல்லோரும் ரேடியோ அக்கா என்பார்கள். வாய் ஓயாது. பாட்டு, ஊர் வம்பு, நடுவில் விளம்பரம் வேறு. பாவம், முழங்கால் தேய்ந்துபோய்க் குந்த முடியாது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேதான் தேய்ப்பார். எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டும்.

உன் புத்தகத்தை வேலைக்கு எடுத்துப் போகிறேன். நீ விடுமுறைக்கு வரும்போது நான் கேட்டு நீ முழிக்க வேண்டும், அதைப் பார்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு எழவும் புரியவில்லை, ஆனால் வாயில் நிற்கிறது. ரேடியோ அக்கா மெட்டே போட்டுவிட்டார். அவருக்குப் பிடித்தது நூற்று நாற்பத்தேழு. "சி ஏ ஓ சி எல் டூ, பிளஸ் டூ ஹெச் சி எல்..." என்று இழுத்தாரானால் மேலே கார் கழுவுகிறவர்கள் தாளம் தட்டுகிறார்கள்.

ஒரு சந்தேகம். எங்களுக்கு நீலக் கேனில் ஒரு தண்ணீர் தருகிறார்கள், மேலே பேர் எதுவும் ஒட்டியிருக்காது. மஞ்சள் கறை அதில்தான் போகும். பாசிக்கு வேறு, தண்ணீர்த் தொட்டியில் போடுகிற வெள்ளைப் பவுடர். ஒன்றைப் போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவிவிட்டு, அப்புறம் மற்றதைப் போட்டு மறுபடி தேய்க்க இடுப்பு ஒடிகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் என்ன? "தங்கச்சி டாக்டராகப் போகுதில்ல, கேட்டுச் சொல்லேன்" என்கிறார் ரேடியோ அக்கா. கேட்டுவிட்டேன்.

அக்கா


ஜூலை 6

அக்காவுக்கு,

நாற்பத்தொன்றாவது இடம். நூற்றிருபது பேரில். இப்போது சந்தோஷமா?

பக்கத்துக் கட்டில்காரி போன வாரம் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சுவரில் அவள் ஒட்டியிருந்த சமன்பாட்டுத் தாளைக்கூடக் கிழிக்காமல், சாயங்காலமே வேறொருத்தியை அந்தக் கட்டிலில் போட்டுவிட்டார்கள். தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. இருநூற்றுப் பத்து வரை எனக்குத் தடங்கல் இல்லாமல் வரும். அதற்கு மேல் ஒன்றைப் படித்தால் முன்னே படித்ததில் ஒன்று போய்விடுகிறது.

இந்த லட்சணத்தில் நீ கழிப்பறைக் கதை எழுதுகிறாய். இதெல்லாம் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. இரண்டும் நல்லதுதானே, சேர்த்துப் போடு, இரட்டிப்பாக வேலை செய்யும். அவ்வளவுதான் வேதியியல். ரேடியோ அக்காவிடம் டாக்டரம்மா சொன்னதாகச் சொல்.

இனிமேல் படிப்புக்கு உதவாத எதையும் எழுதாதே. படிக்கப் பத்து நிமிடம் ஆகிறது.

தங்கை


ஜூலை 19

டாக்டரம்மாவுக்கு,

உன் வைத்தியம் பலித்துவிட்டது!

எழுதாதே என்றாய், ஆனால் இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? முதலில் பவுடரைத் தூவி அதன்மேல் நீலக் கேனை ஊற்றினோம். சுர்ரென்று பொங்கியது. லேசான பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை வந்து, மேலே போகாமல் தரையோடு தரையாகப் படர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கண் எரியும், தொண்டையைப் பிடிக்கும். வெளியே போய்ப் பத்து எண்ணிவிட்டு வந்தால் தீர்ந்தது. கறை போன இடம் தெரியவில்லை. நாலு மணி நேர வேலை ஒன்றரை மணியில் முடிகிறது.

சூப்பர்வைசர் வந்து பார்த்து அசந்துவிட்டார். "யாரோட யோசனை?" என்றார். நானே கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, பிறந்ததிலிருந்து என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. இனிமேல் எல்லோரும் இப்படியே செய்யணும் என்று மற்ற தளத்துப் பெண்களையும் கூட்டிவந்து என்னைச் செய்து காட்டச் சொன்னார். "நெடி மேல கார் நிக்கிற இடத்துக்கு வரக் கூடாது, கதவைச் சாத்திக்கிட்டுச் செய்யுங்க" என்பது ஒன்றுதான் அவர் நிபந்தனை.

நாலு நாளாக எனக்கு இருமல். ரேடியோ அக்காவுக்கும் பாட்டு நடுநடுவே அறுந்து அறுந்துதான் வருகிறது. பருவம் மாறுகிறதல்லவா, அதுதான்.

கோடியில் ஒரு பழைய கழிப்பறை வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் கிடையாது. ஆகஸ்ட் முதல் வாரம் அதைத் திறந்து சுத்தம் பண்ண வேண்டுமாம். அங்கே ஒருவர்தான் உட்கார இடமிருக்கிறது. ரேடியோ அக்கா தானே செய்வதாகச் சொல்லிவிட்டார். நம்மிடம்தான் டாக்டர் மருந்து இருக்கிறதே.

அக்கா


ஜூலை 28

அக்கா,

இரண்டையும் சேர்க்காதே. உடனே நிறுத்து. ரேடியோ அக்காவை அந்த அறைக்குள் விடாதே. எல்லோரிடமும் சொல். முதலில் இதைப் படித்துவிட்டு ஓடிப்போய்ச் சொல், மீதியை அப்புறம் படி.

இப்போது மதியச் சாப்பாட்டு வரிசையில் என்னிடம் நூற்று நாற்பத்தேழு கேட்டார்கள். சொன்னேன். "விளைபொருளோட பண்புகள்?" என்றார்கள். குளோரின், பசுமஞ்சள் நிறம், நெடியுள்ளது, நச்சு வாயு, காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுத் தட்டை நீட்டினேன். அப்போதுதான் தரையோடு தரையாகப் படர்ந்தது என்று நீ எழுதியது ஞாபகம் வந்தது. தட்டை அங்கேயே போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

உன் வெள்ளைப் பவுடர்தான் அந்த சி ஏ ஓ சி எல் டூ. நீலக் கேன்தான் ஹெச் சி எல். நீங்கள் இரண்டு பேரும் தேய்த்துக்கொண்டே பாடுகிறீர்களே, அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். கனமான வாயு, கீழேயேதான் நிற்கும். ரேடியோ அக்கா தரையில் உட்கார்கிறார். அக்கா, அவர் தரையில் உட்கார்கிறார்.

உறையின்மேல் அவசரம் என்று எழுதியிருக்கிறேன்.


ஆகஸ்ட் 9

வாலு,

உன் கடிதம் நேற்று, எட்டாம் தேதி கிடைத்தது. சிவப்பு முத்திரையில் ஆகஸ்ட் 6 என்று இருக்கிறது.

ரேடியோ அக்கா மூன்றாம் தேதி போய்விட்டார்.

நான் பக்கத்து அறையில் இருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பாடிக்கொண்டிருந்தார். நூற்று நாற்பத்தேழுதான். "பிளஸ் டூ ஹெச்" வரைக்கும் வந்தது, நின்றது. வெளியே போய்ப் பத்து எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்திருக்க நான் கை கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், வாலு. ஐந்து வாரமாக நான்தான் கை கொடுத்தேன். ஆனாலும் பத்து எண்ணுகிறார் என்றே நினைத்தேன். என் வேலையை முடித்துவிட்டுத்தான் போய்க் கதவைத் தள்ளினேன். கதவின் அடிப்பக்கம் முழுக்க அவர் நகத்தால் பிராண்டியிருந்தார்.

மாரடைப்பு என்று சூப்பர்வைசர் ஒரு தாள் எழுதிவந்தார். ரேடியோ அக்காவுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி இருந்தது, வேலை வழக்கம்போலத்தான் நடந்தது என்று அதில் இருந்தது. "நீ கூட இருந்தவ, போடு" என்றார். போட்டேன். போடாவிட்டால் எனக்கு இங்கே வேலை இல்லை, உனக்கு அங்கே இடமில்லை. வேறெதையும் நான் யோசிக்கவில்லை. அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. நேற்று பஸ் நிறுத்தத்தில் நின்று உன் கடிதத்தைப் படித்த பிறகு எல்லாம் தெரியும்.

நீ படி.

அக்கா


ஆகஸ்ட் 17

அக்கா,

உன் கடிதத்தை இன்றைக்குத்தான் கொடுத்தார்கள். நான் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்னால் மூச்சு விட முடியாது.

ஜூலை 28 சாயங்காலம் கடிதத்தை எடுத்துக்கொண்டு வார்டன் அம்மாவிடம் போனேன். "வீட்டுக்கு ஒரு போன் பண்ணணும், ரொம்ப அவசரம்" என்றேன். "நாளைக்குப் பெரிய மாதிரித் தேர்வு ஆரம்பம். ஆறாம் தேதி வரைக்கும் போனும் கிடையாது, கடிதமும் போகாது. எல்லாருக்கும் அவசரம்தான், போய்ப் படி" என்றார். நான் போய்ப் படித்தேன். அக்கா, நான் கத்தவில்லை. அழவில்லை. காலில் விழவில்லை. மதில் ஒன்றும் ஏற முடியாத உயரமில்லை. ஒரு தடவை கேட்டேன், இல்லை என்றதும் போய்ப் படித்தேன். என் கணக்குத் தப்பாக இருக்கும், அது வேறு ஏதோ பவுடராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ரேடியோ அக்கா போன மூன்றாம் தேதிதான் எங்களுக்கு வேதியியல் தேர்வு. இருபத்திரண்டாவது கேள்வி நூற்று நாற்பத்தேழு. சரியாக எழுதினேன். நான்தான் முதலிடம். எல்லோர் முன்னாலும் கைதட்டினார்கள். நம்பர் சார் என் தலையில் கைவைத்து, "இப்படித்தான் இருக்கணும், யோசிக்காமலே வருது பாருங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டது தப்பு என்று போய்ச் சொல். சேர்க்கச் சொன்னது நான் என்றும் சொல். எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம்.

தங்கை


செப்டம்பர் 2

வாலு,

பாதி உன் பேச்சைக் கேட்டேன், பாதி கேட்கவில்லை.

ரேடியோ அக்காவின் மகளை அவர் இடத்திலேயே வேலைக்கு எடுத்துவிட்டார்கள். உன் வயசுதான் இருக்கும். பெரிய உபகாரம் பண்ணின மாதிரி சூப்பர்வைசர் அவளைக் கீழே கூட்டிவந்தார். கையில் வெள்ளைப் பவுடரும் நீலக் கேனும். "உங்கம்மா எப்படிப் பண்ணுவாங்களோ அப்படியே பண்ணு. இந்த அக்கா சொல்லிக் கொடுப்பாங்க" என்றார்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரேடியோ அக்காவின் அதே மூக்கு. கேனைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தேன். "இதுதான் உங்கம்மாவைக் கொன்னுது. மாரடைப்பு இல்ல. சொல்லிக் கொடுத்தது நான்" என்றேன்.

"தெரிஞ்சா சொல்லிக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள்.

என்ன சொல்வேன்? மனப்பாடமாகத் தெரியும். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், அவள் அம்மாவுக்கு மெட்டோடு தெரியும். "தெரியாதும்மா" என்றேன். ஓங்கி ஒரு அறை விட்டாள். அதற்குப் பிறகு என்மேலேயே சாய்ந்து அழுதாள்.

வேலை அன்றைக்கே போய்விட்டது. மூச்சும் முன்னைப்போல இல்லை, மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது. அவளும் நானும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். கம்பெனிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். அப்படி ஒரு முறையே தங்களிடம் கிடையாது, வேலையை விட்டு நிறுத்திய ஆத்திரத்தில் நான் கதை கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் கையெழுத்துப் போட்ட தாளையும் வைத்திருக்கிறார்கள். மற்றப் பெண்கள் பயந்துகொண்டு வாயைத் திறக்கவில்லை. "எழுத்துல ஏதாவது இருக்காம்மா?" என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன்.

நீ ஜூலை 6 எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அந்த யோசனை என்னுடையதாகவே இருக்கட்டும். நான்தான் கண்டுபிடித்தேன் என்று பெருமையடித்துக்கொண்டேனே, அனுபவிக்கிறேன். உன் பேர் இதில் வரக் கூடாது. பணத்தை மெல்லக் கட்டுகிறேன் என்று இந்த வருடம் முடியும்வரை விடுதியில் சொல்லிவைத்தாகிவிட்டது, அதற்குள் எழுதி முடித்துவிடு. நாம் இவ்வளவு பட்டதற்கு அது ஒன்றாவது மிஞ்ச வேண்டும்.

அக்கா


செப்டம்பர் 11

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிறேன். இருமல் எப்படி இருக்கிறது? படியில் ஏறாதே.

எழுத்தில் எதுவும் இல்லை என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறாய். இருக்கிறது. ஜூலை 19 நீ எனக்கு எழுதிய கடிதம் என் தலையணைக்குள் இருந்தது, இத்துடன் வைத்திருக்கிறேன். சூப்பர்வைசர் எல்லோரையும் அப்படியே செய்யச் சொன்னது, கதவைச் சாத்தச் சொன்னது, ஜன்னல் இல்லாத அறை, எல்லாம் உன் கையெழுத்தில் இருக்கிறது. வேலை போன ஆத்திரத்தில் எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது. மேல் ஓரத்தில் வார்டன் அம்மாவின் சிவப்பு முத்திரை, ஜூலை 24. ரேடியோ அக்கா அன்றைக்கு உயிரோடு இருந்தார். முத்திரை குத்தும் முன் வார்டன் அம்மாவும் இதைப் படித்திருப்பார். கல்லூரியில் அவர் படித்ததும் வேதியியல்தானாம்.

இதைக் கொடுத்தால் என் பேரும் வரும் என்று உனக்குத் தெரியும். முதல் வரியே டாக்டரம்மா என்றுதான் ஆரம்பிக்கிறது. அதனால்தான் என்னிடம் இப்படி ஒன்று இருப்பதை நீ மறந்ததுபோல இருக்கிறாய். வரட்டும், அக்கா. அந்தப் பெண் உன்னை அறைந்ததில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

செல்போன் இருக்கிற என் துணிப்பையைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை பஸ். இந்தத் தடவை நீ கோபமாக இரு, திரும்பிப் பார்க்காதே, பரவாயில்லை. எதையாவது படிப்பேன். ஏன் என்று கேட்க விடுகிற இடமாகப் பார்த்துப் படிப்பேன்.

வார்டன் அம்மா, இதையும் படித்துவிட்டீர்களா? தேதி தெளிவாகத் தெரிகிற மாதிரி முத்திரை குத்துங்கள்.

அக்கா, ஜூலை 6 கடிதத்தை நீ எரித்தால் என்ன? எனக்குத்தான் எதைப் படித்தாலும் மனப்பாடம் ஆகிவிடுகிறதே. முந்நூற்றுப் பன்னிரண்டில் பாதி மறந்துவிட்டது, இதில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. கேட்டால் மூன்று நொடியில் சொல்வேன். கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் கொடு, அவளே அதிகாரியிடம் படித்துக் காட்டட்டும்.

"இதெல்லாம் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. இரண்டும் நல்லதுதானே, சேர்த்துப் போடு, இரட்டிப்பாக வேலை செய்யும். அவ்வளவுதான் வேதியியல். ரேடியோ அக்காவிடம் டாக்டரம்மா சொன்னதாகச் சொல்."